மலைவீட்டில் குளியலறையைப் புதுப்பிக்கத் தொடங்கும் முன்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் புதுப்பித்து முடித்த ஆறாவது மாதம், ஐப்பசி அடைமழையில், அடுத்த அறையிலிருந்த மர அலமாரியைக் கம்பளி எடுப்பதற்காகத் திறந்தேன். துணியெல்லாம் புழுங்கல் வாடை. அடுக்கை விலக்கிப் பின்பலகையைத் தொட்டபோது, டீயில் ஊறிய பன்னைப் போல விரல் உள்ளே போயிற்று. அலமாரிக்குப் பின்னால் இருந்தது குளியலறைச் சுவர். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் டைல்கள் பளபளப்பாக, ஒரு விரிசலும் இல்லாமல் இருந்தன. பிழை டைலுக்குப் பின்னால் இருந்தது. கோடை சீசனுக்கு விருந்தினர் வருகிறார்கள் என்று அவசரப்பட்டு, நீர்க்காப்புப் பூச்சு காய்வதற்குள் டைல் ஒட்டச் சொன்னது நான்தான். "இந்தக் குளிருக்கு இன்னும் ரெண்டு நாள் விடுங்கம்மா, மேல மட்டும்தான் காஞ்சிருக்கு" என்று மேஸ்திரி சொல்லத்தான் செய்தார்.

அதே அறையை இரண்டாம் முறை உடைத்துக் கட்டியபோது எனக்கு விளங்கியதை, முதன்முறையாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். கோயம்புத்தூரில் ஈரமான தரை இரண்டு மணி நேரத்தில் தானாகவே உலர்ந்துவிடும். குன்னூரிலும் உதகையிலும் மழை மாதங்களில் காலையில் நனைந்த தரை மறுநாள் காலையிலும் நனைந்தே கிடக்கும். ஆகவே மலைமேல் குளியலறையைத் திட்டமிடுகிறவர், டைலின் நிறத்திலிருந்து ஜன்னலின் இடம்வரை எதை முடிவு செய்யும்போதும், இது காயுமா, எந்த வழியாகக் காயும் என்பதையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

பணம் எவ்வளவு என்பதற்கு முன்பே எந்த மாதம் என்பதைத் தீர்மானியுங்கள். உதகைக்கும் கூடலூருக்கும் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கனமாக இருக்கும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே பெருமழை. ஏப்ரலும் மே மாதமும் சீசன் என்பதால் மலைப்பாதையில் நெரிசல் இருக்கும். நல்ல வேலையாட்கள் விடுதி வேலைகளுக்குப் போயிருப்பார்கள். மிஞ்சுவது தைப்பொங்கல் முடிந்து, ஊருக்குப் போன கொத்தனார்கள் திரும்பி வந்த நாளிலிருந்து மார்ச் இறுதி வரையிலான இரண்டு மாதங்கள்தான். அந்தக் காலத்தில் இரவில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் காயும், காற்றில் ஈரம் குறைவாக இருக்கும். சிமெண்ட் இறுகுவது குளிரில் மெதுவாகும் என்பதால், காலை பத்து மணிக்கு மேல் கலவை போட்டு, மாலை நாலு மணிக்குள் முடித்து, இரவில் சாக்கால் மூடச் சொல்லுங்கள். நீர்க்காப்புப் பூச்சுக்கும் டைல் ஒட்டும் பசைக்கும் எவ்வளவு குளிர்வரை பயன்படுத்தலாம் என்று அதனதன் பையிலேயே அச்சிட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது 5 டிகிரி செல்சியஸ். உதகைப் பள்ளத்தாக்குகளில் ஜனவரி விடியற்காலை அதற்குக் கீழே போய்விடும்.

ஆனால் இந்த மாதங்களில் ஒரு சிக்கலும் உண்டு. பிப்ரவரிக்கு மேல் குழாய்த் தண்ணீர் தட்டுப்பாடாகிவிடும். குன்னூர் நகருக்குத் தண்ணீர் தரும் ரேலியா அணையின் மட்டம் இறங்கினால் விநியோக நாட்களின் இடைவெளி நீளும். பூச்சு நனைப்பதற்கும், தரையில் நீர் தேக்கிச் சோதிப்பதற்கும் தண்ணீர் வேண்டும் என்பதால், வேலை தொடங்குமுன் 1,000 லிட்டராவது தனித் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு மொத்தம் எத்தனை நாள் என்று கேட்டால், சமவெளியில் மூன்று வாரத்திற்குள் முடிகிற வேலைக்கு இங்கே நாலரை வாரம் ஒதுக்குங்கள் என்பேன். கூடுதல் நாட்கள் முழுவதும் காய்வதற்கே போகும். வீட்டில் ஒரே குளியலறை இருந்தால், அந்த நாலரை வாரமும் குடும்பம் எங்கே குளிக்கும் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். பாதி வேலையில் பேசினால் வீடு முழுவதும் கோபமாகத்தான் இருக்கும்.

இருக்கும் அறையை ஆராய்தல்

அறைக்குள் போய் நான்கு சுவர்களையும் வெளியிலிருந்தும் உள்ளிருந்தும் பாருங்கள். மலையில் சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டிய வீடுகளே அதிகம் என்பதால், குளியலறையின் பின்சுவர் மண்மேட்டை ஒட்டியே நிற்கும். மழைக்காலத்தில் அந்த மண் ஊறிச் சுவரை அழுத்தும். அந்த ஈரம் உள்ளே கசியும். இப்படிப்பட்ட சுவருக்கு உள்பக்கம் எத்தனை கோட் நீர்க்காப்பு அடித்தாலும், பின்னாலிருந்து வரும் நீர் அதை உரித்துத் தள்ளிவிடும். வெளியே சுவரடியில் ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்றை அமைத்து, மேட்டிலிருந்து இறங்கும் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதே நிலைக்கும் வழி. அங்கே தடுப்புச் சுவர் இருந்தால் அதிலுள்ள கசிவுத் துளைகள் அடைந்திருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். இந்த வேலை குளியலறைத் திட்டத்தில் இல்லையே என்று மேஸ்திரி சொல்வார், சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் வீடுகளிலும் சுவர், சுண்ணாம்பு அல்லது மண் சாந்தில் கட்டியதாக இருக்கலாம். ஒரு மூலையில் பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: ஆணியால் கீறும்போது மாவாக உதிர்ந்தால் அது சிமெண்ட் இல்லை. அத்தகைய சுவரில் இயந்திரத்தால் நீளமாகக் காடி (பள்ளம்) வெட்டிக் குழாயைப் புதைப்பது ஆபத்தானது. குழாயைச் சுவரின் மேல் ஓட்டி, அதன்மேல் ஒரு மெல்லிய பெட்டிச் சுவர் எழுப்பி மறைக்கலாம். ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளிலும் பொதுச்சுவர் இருப்பதால், உங்கள் காடி அடுத்த வீட்டாரின் பூஜையறைச் சுவரைப் பிளக்கக்கூடும். உடைக்கும் நாளை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, சுவரின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது.

வேலை நான்கு சுவருக்குள் அடங்காமல், அறையை வெளியே நீட்டுவதோ சரிவை வெட்டுவதோ தேவைப்பட்டால், உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வாங்காமல் கடப்பாரையைத் தூக்காதீர்கள். மலைப்பகுதிக்குத் தனிக் கட்டட விதிகள் உண்டு. மண் தோண்டுவதற்கும் இயந்திரம் இறக்குவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. விதி ஒருபுறம் இருக்க, 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் சரிந்த மண்ணைப் பார்த்தவர்கள் சரிவைத் தொடவே தயங்குவார்கள்.

அதே காரணத்தால் செப்டிக் டேங்கையும் உறிஞ்சு குழியையும் இப்போதே பாருங்கள். புதுக் குளியலறை என்றால் கூடுதல் தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுவதும் உங்கள் வீட்டுக்குக் கீழே, பெரும்பாலும் இன்னொருவர் வீட்டுக்கு மேலே இருக்கும் மண்ணுக்குள் இறங்கப் போகிறது. இந்தியத் தர விதி, சின்ன வீட்டுக்குக்கூடத் தொட்டி 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது, நீரின் ஆழம் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. ஊற்று அல்லது கிணறு சரிவில் கீழே இருந்தால் உறிஞ்சு குழியை அதன் தலைக்கு மேல் வைக்கக் கூடாது. தொட்டி நிறைந்திருந்தால் குளியலறை வேலைக்கு முன்பே லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள். ஆளை இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி நிற்கும் சாலையிலிருந்து உங்கள் தொட்டிவரை ஹோஸ் எட்டுமா என்பதையும் அளந்து சொன்னால்தான் லாரிக்காரர் வருவார்.

வரைபடம்

நம் ஊர் வீடுகளில் ஐந்தடிக்கு எட்டடி என்பதே பரவலான அளவு, அதையே எடுத்துக்கொள்கிறேன். கதவருகே வாஷ்பேசின், நடுவில் கம்மோட், கடைசியில், ஜன்னல் உள்ள பக்கம், குளிக்கும் இடம் என்று வைத்தால், நனையும் பகுதி காற்றுக்கு அருகில் இருக்கும்; கதவோரம் உலர்ந்தே இருக்கும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், கம்மோடுக்குப் போகும் ஒவ்வொருவரும் ஈரத்தில் நடக்க வேண்டியிருக்கும், ஈரம் கதவுச் சட்டத்திலும் ஏறும். குளிக்கும் பகுதியின் தரையை ஒரு அங்குலம் தாழ்த்தி, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்போ, குறைந்தது ஒரு நல்ல திரையோ போடுங்கள்.

கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 40 செ.மீ., முன்னால் 60 செ.மீ. இடம் வேண்டும். இங்கேதான் புதியவர்கள் ஏமாறுகிற ஒரு அளவு இருக்கிறது. தரைவழியே கழிவு இறங்கும் எஸ் டிராப் கம்மோடு வாங்கும்போது, பின்சுவரிலிருந்து தரைத்துளையின் நடுவரை உள்ள தூரம் கம்மோடின் அளவோடு பொருந்த வேண்டும். அந்தத் தூரத்தை இப்போதுள்ள சுவரிலிருந்து அளக்கக் கூடாது. புதுப் பூச்சும் பசையும் டைலும் சேர்ந்து சுவர் மூன்று, நான்கு சென்டிமீட்டர் முன்னே வந்துவிடும். 25 செ.மீ. என்று அளந்து வாங்கிய கம்மோடு, டைல் ஒட்டிய பிறகு 22 செ.மீ. இடத்தில் உட்காராது.

வீட்டில் முதியவர் இருந்தால், அல்லது நீங்களே பத்து வருடத்தில் முதியவராகப் போகிறீர்கள் என்றால், கம்மோடுக்கும் ஷவருக்கும் அருகே கைப்பிடி வரும் இடங்களில் சுவருக்குள் இப்போதே கெட்டியான கான்கிரீட் அடைப்பு வைத்துவிடுங்கள். கைப்பிடியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், உள்ளே யாராவது விழுந்தாலும் கதவைத் திறக்க முடியும்.

சுமைக் கணக்கு

இதை எந்தச் சமவெளிக் கட்டுரையிலும் பார்க்க முடியாது. ஆனால் மலையில் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து 64 படிகள் இறங்க வேண்டும், வண்டி வராது. ஐந்துக்கு எட்டு அறையின் தரை 40 சதுர அடி. சுற்றளவு 26 அடி. ஏழடி உயரத்திற்கு டைல் என்றால் 182 சதுர அடி, கதவும் ஜன்னலும் போகச் சுமார் 160. பழைய தரையை நாலு அங்குலமும் சுவர்ப் பூச்சை ஒன்றேகால் அங்குலமும் உடைத்தால் 30 கன அடி இடிபாடு, எடையில் 1.7 டன்னுக்குக் குறையாது. 30 கிலோ மூட்டையாகக் கட்டினால் 57 மூட்டை. ஒவ்வொன்றும் தலைச்சுமையாக 64 படி ஏற வேண்டும். பிறகு சிமெண்டும் எம் சாண்டும் டைலும் அதே படிகளில் இறங்க வேண்டும். சுமைக்கூலி யார் பொறுப்பு, மூட்டைக்கு எவ்வளவு, எத்தனை படி என்பதை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதாவிட்டால், இரண்டாம் வாரம் அதுவே சண்டையாகிவிடும்.

இடிபாட்டை ஓடையிலோ சோலை ஓரத்திலோ கொட்டவே கூடாது. அடுத்த மழையில் அது மதகை அடைத்து, கீழே உள்ள பாதையை அரித்துவிடும். உள்ளாட்சி அமைப்பு காட்டும் இடத்துக்கு வண்டி பிடித்து அனுப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டைல் வாங்கும்போது வெட்டுச் சேதத்திற்காக 10 விழுக்காடு கூடுதலாக வாங்குவது எங்கும் உள்ள வழக்கம். மலைக்கு அதோடு இரண்டு பெட்டி சேர்த்து வாங்குங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்ப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி வந்து, மறுபடி தோளில் இறங்கும்போது மூலை உடைவது சாதாரணம். குறைந்துபோனால் அதே நிற வரிசை கடையில் தீர்ந்திருக்கும். 30 செ.மீ.க்கு 60 செ.மீ. சுவர் டைல், பெட்டிக்கு 5 எண்ணிக்கை என்றால், 160 சதுர அடிக்குச் சேதம் சேர்த்து 19 பெட்டி, கொண்டுவரும் இழப்புக்கு 2, ஆக 21. நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) நடைமுறை இருப்பதால், சரக்கு ஏற்றுமுன் அந்த வண்டிக்கு அது தேவையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

தரைக்குப் பளபளப்பு வேண்டாம். சொரசொரப்பான, வழுக்காத டைலைச் சிறிய அளவில், 30 செ.மீ. சதுரத்தில் எடுத்தால், நீர் வடியும் வாட்டம் சரியாக அமையும். பெரிய டைலில் நாலு பக்கமும் சரிவு கொடுக்க முடியாது.

வெந்நீர்

மலையில் குளியலறையின் உயிர் வெந்நீர் என்பதால் இதில் சற்று நின்று கணக்குப் போடுவோம். ஜனவரியில் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் அதே மாதம் 27 இருக்கும். கீசரில் 60 டிகிரிக்குச் சூடாக்கி, குளிர்ந்த நீர் கலந்து 40 டிகிரியில் குளிக்கிறோம். 20 லிட்டர் வாளிக்குச் சமவெளியில் 8 லிட்டர் வெந்நீர் போதும். இங்கே 12 லிட்டர் வேண்டும். அதாவது, கீழே மூன்று வாளி தரும் 25 லிட்டர் கீசர், இங்கே இரண்டு வாளியோடு நின்றுவிடும். அதைச் சூடாக்க 2 கிலோவாட் கீசருக்கு அங்கே அரை மணி நேரம், இங்கே 40 நிமிடத்திற்கு மேல். மின்சாரம் கிட்டத்தட்ட 1.4 யூனிட். நாலு பேர் பள்ளிக்கும் வேலைக்கும் ஒரே காலையில் கிளம்புகிற வீட்டுக்கு 25 லிட்டர் போதாது. 35 அல்லது 50 லிட்டரைப் பாருங்கள். சின்னதாக, உடனே சூடாக்கும் 3 கிலோவாட் ஹீட்டர் விலை மலிவுதான். ஆனால் நம் குளிருக்கு அது நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குளிக்கத் தகுந்த நீரைத் தராது. ஒரு வாளிக்குப் பதின்மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

கீசரைக் குளிக்கும் இடத்தின் அருகிலேயே வையுங்கள். முக்கால் அங்குலக் குழாயில் 10 மீட்டருக்கு இரண்டரை லிட்டர் நீர் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அவ்வளவு ஆறிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் வெந்நீர் வரும். வெந்நீருக்குச் சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாய்தான், குளிர்ந்த நீருக்கான யு.பி.வி.சி. குழாயைத் தண்ணீர்க் குழாய் என்று பொதுவாகச் சொல்லி மாட்டிவிடுவார்கள், அது சூட்டில் இளகிவிடும். பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் பாதியை விட்டுவைக்கும் யோசனையும் வேண்டாம். துரு மிச்சமிருந்தால் அது புது ஷவரின் துளைகளில்தான் வந்து நிற்கும். வெளியே ஓடும் குழாய்களுக்கு, குறிப்பாக உறைபனி விழும் பள்ளங்களில், நுரை உறை போடுங்கள். நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது, குழாய்க்கு அந்த இடம் கிடையாது.

அழுத்தத்தையும் பாருங்கள். பத்து மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம். தொட்டி சரிவில் 40 மீட்டர் மேலே இருக்கும் வீட்டில் நாலு பார் தானாகவே வந்துவிடும். கீசரின் பெயர்ப்பலகையில் எழுதியுள்ள அளவோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் அழுத்தம் குறைக்கும் வால்வு போட வேண்டும். கூரைமேல் தொட்டி உள்ள வீட்டுக்கு நேர்மாறான தொல்லை. மூன்று மீட்டரில் மழை ஷவர் மழையாக வராது, தூறலாகத்தான் வரும்.

கேஸ் கீசரை எக்காரணம் கொண்டும் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். குளிருக்குப் பயந்து நாம் ஜன்னலையும் கதவிடுக்கையும் அடைத்துக்கொண்டு குளிக்கிறோம். அந்த அடைப்புக்குள் காற்று போதாமல் எரியும் கேஸ், கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு மணமும் நிறமும் இல்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவார். வேண்டுமானால் கீசரை வெளிச்சுவரில், திறந்த காற்றில் மாட்டிக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். எங்கள் பாட்டி காலத்து விறகு பாய்லர் வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றதற்கு இடவசதி மட்டுமே காரணமாக இருந்திருக்காது. சூரிய ஹீட்டர் நல்லதுதான். ஆனால் மூடுபனி மாதங்களில் மின்சாரத் துணை இல்லாமல் அதை நம்பக் கூடாது, பனி விழும் இடத்தில் உறைவுக்கு எதிரான பாதுகாப்பு உள்ள வகையையே வாங்க வேண்டும்.

மின்வேலையில் இரண்டு சொற்களை மறக்க வேண்டாம்: எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கீசருக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தாமிரத்தில் 4 சதுர மி.மீ.; 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே நின்றுவிடும் ஆர்.சி.சி.பி.; சுவிட்ச் குளியலறைக்கு வெளியே.

காற்று

மழை மாதத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் வெளியே இருக்கும் பனிமூட்டம்தானே உள்ளே வரும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கணக்கு வேறு. 12 டிகிரியில் நிறைய ஈரம் சுமந்த காற்றில்கூட ஒரு கன மீட்டருக்கு 11 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்று வீட்டுக்குள் 22 டிகிரிக்குச் சூடானால் 19 கிராம் வரை ஏற்கும். ஆகவே வெளியிலிருந்து வரும் பனிக்காற்றும் அறையின் சூட்டில் உலர்ந்த காற்றாக மாறி, சுவரிலிருந்து 8 கிராம் நீரை உறிஞ்சிக்கொண்டு போகும். குளித்த சூடு ஆறுவதற்குள், உடனே, ஃபேனை அரைமணி ஓட்டினால் அறை காயும். குளிர்ந்த பிறகு ஓட்டினால் மின்சாரம்தான் செலவாகும். 5 அடிக்கு 8 அடி அறைக்கு ஆறு அங்குல ஃபேன் போதும். அதைக் குளிக்கும் பகுதிக்கு மேலே, கதவுக்கு எதிர்மூலையில் உயரமாக வைத்து, கதவடியில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்று உள்ளே வர வழி இல்லாமல் வெளியே போகாது. பின்பக்கம் தானாக மூடும் தகடு உள்ள ஃபேனாகப் பாருங்கள், இல்லையென்றால் இரவில் அதுவே ஜன்னலாகிவிடும்.

தகரக் கூரைக்கு அடியில் உள்ள குளியலறையில் ஆவி மேலே போய்க் குளிர்ந்து, முதுகில் சொட்டும். கூரைக்கு அடியில் வெப்பத்தடுப்பு விரிப்பு வைத்து, அதன்கீழ் பி.வி.சி. பலகை போடுவது சரியான மாற்று. ஜிப்சம் வேண்டாம், பிளைவுட் வேண்டாம். கதவுக்கும் மரமில்லாத பலகையே நல்லது.

வேலையின் வரிசை

உடைத்தபின், குழாய்களும் மின்குழாய்களும் போடப்படும். சுவரை மூடும் முன் குழாய்களின் வாயை அடைத்து, குழாயில் வழக்கமாக இருக்கும் நீரழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் கைப்பம்பால் அழுத்தி, 24 மணி நேரம் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். சி.பி.வி.சி. ஒட்டும் பசை குளிரில் மெதுவாகவே பிடிக்கும் என்பதால், ஒட்டிய அன்றே அழுத்திப் பார்க்கக் கூடாது. பிறகு ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடியே, படம் எடுங்கள். நாளை ஒரு கொக்கிக்குத் துளை போடும்போது இந்தப் படம் இல்லாவிட்டால் டிரில் முனை குழாய்க்குள் போய்விடும்.

தரைச் சாந்து போடும்போது வாட்டத்தை நீங்களே சோதியுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர், குளிக்கும் பகுதியில் அதற்குச் சற்று அதிகம். ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், ஒரு கோலிக்குண்டை நாலு மூலையிலும் விட்டு, அது டிராப்பை (தரையில் நீர் வடியும் துளையை) நோக்கி உருள்கிறதா என்று பாருங்கள். எங்கள் மேஸ்திரி முதலில் சிரித்தார்; மூன்றாவது மூலையில் கோலி கதவுப் பக்கம் உருண்டபோது அவரே சாந்தைச் சுரண்டினார்.

சுவரின் சிமெண்ட் பூச்சு, நாம் வாங்கும் கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாள் நனைய வேண்டும். அதன்பின் நன்றாகக் காய்ந்த பிறகே நீர்க்காப்பு. தரையும் சுவரும் சேரும் மூலைகளைச் சாந்தால் உருட்டி, அதன்மேல் வலைத்துணி வைத்து, இரு கோட் அடிக்க வேண்டும். சுற்றிலும் சுவரில் ஒரு அடி உயரம், குளிக்கும் பகுதியில் ஆறடி. இரண்டாம் கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காக ஓட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளுக்கு அடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. முதல் முறை நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அடுத்து டிராப்பை அடைத்து இரண்டு அங்குல நீரைத் தேக்கி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து, 48 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டுக் கூரையையும் அடுத்த அறைச் சுவரையும் கையால் தொட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கினால் டைல் வேலை நிற்க வேண்டும். ஒப்பந்தத்தின் பெரிய தவணையை இந்தச் சோதனைக்குப் பிறகே தருவதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நேர்மையான மேஸ்திரிகள் இதை மறுப்பதில்லை.

சுவர் டைலை இரண்டாம் வரிசையிலிருந்து ஏற்றி, தரையை முடித்து, கடைசியாக முதல் வரிசையைத் தரைமேல் உட்காரவைப்பது சரியான முறை. அப்போதுதான் சுவரில் வழியும் நீர் தரை டைலின் மேல் விழும், அடியில் போகாது. டைல் இணைப்புகளுக்கு எபாக்ஸி என்ற பிசின் கலவையை நிரப்பினால் கரும்பூஞ்சை ஏறுவது வெகுவாகக் குறையும். அது குளிரில் இறுக ஓரிரு நாள் கூடுதலாக எடுக்கும். அதற்கு முன் நடக்கக் கூடாது. குழாய் முகப்புகளும் கம்மோடும் பேசினும் கடைசி இரண்டு நாள் வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, சுவரிலிருந்து நீரைத் திறந்து மூடும் ஆங்கிள் வால்வை மட்டும் பித்தளையில் கேளுங்கள்.

முடிந்த பிறகும் சுவர் உள்ளுக்குள் காய்ந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த அறையில் அந்தச் சுவரோடு ஒட்டி எதையும் வைக்காமல் ஒரு கை அகலம் விட்டு, முதல் ஐப்பசி மழையில் வாரம் ஒருமுறை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் புது அலமாரி இன்னமும் எதிர்ச் சுவரில்தான் நிற்கிறது.